தரகர் யாருடைய ஆள்?

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெரிய ரோட்டில், ஆத்தூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கொடிகள் கண்ணில் படத் தொடங்குகின்றன. மஞ்சள் கொடி, சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. கட்சிக் கொடிகள் அல்ல. மனைக் கொடிகள்!

போன வருஷம் மல்லாட்டை விளைந்த கொல்லை அது. இன்று அங்கே கல் நட்டிருக்கிறது. செம்மண் கொட்டி ரோடு போட்டிருக்கிறது. வாசலில் ஒரு வளைவு. அதில் ஏதோ ஒரு பெயரும், பக்கத்தில் ‘நகர்’ என்ற சொல்லும். திண்டிவனம், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, விழுப்புரம் என்று வழி நெடுக இதே காட்சிதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்திலிருந்து வேன் வருகிறது. வேனுக்குக் காசு கிடையாது. மத்தியானச் சாப்பாடும் இலவசம். இறங்குகிறவர்கள் பெரிய பணக்காரர்கள் அல்ல. பள்ளிக்கூட ஆசிரியர், பஸ் கண்டக்டர், சிங்கப்பூரில் பத்து வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பியவர், மகளின் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மனையாவது வாங்கிப் போட நினைக்கும் தாய். ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் அவர்களுடைய மடியில் இருக்கிறது. அவர்களை எதிர்கொண்டு அழைக்கிறவர் தரகர்.

வாங்குகிறவர் மனையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். மண்ணைக் கிளறிப் பார்க்கிறார். “தண்ணி எத்தனை அடியில்?” என்று கேட்கிறார். தரகரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை!

ஏன் இந்த ஊர்கள்?

இந்த வட்டாரத்தில் மனை வியாபாரம் சூடு பிடித்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. திண்டிவனத்தில் ரோடுகள் பிரிகின்றன. ஒன்று திருச்சிக்கு, ஒன்று புதுச்சேரிக்கு, ஒன்று திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கு. விழுப்புரம் பெரிய ரயில்வே ஜங்ஷன். சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று எல்லாத் திசைக்கும் இங்கிருந்து ரயில் உண்டு. 1993-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி தென்ஆற்காட்டைப் பிரித்து விழுப்புரத்தைத் தலைநகராக வைத்துப் புது ஜில்லா உண்டாக்கினார்கள். 2010-ல் முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்தது. திண்டிவனத்துக்கு அருகே சிப்காட் தொழிற்பேட்டை. சென்னையில் ஒரு குளியலறை அளவு இடம் வாங்கும் பணத்தில் இங்கே ஒரு வீட்டு மனையைப் பற்றி யோசிக்கலாம் என்ற எண்ணம் மக்களுக்கு இருக்கிறது. அது தவறும் அல்ல.

ஆனால் தரகர் விற்பது இன்றைய ஊரை அல்ல, நாளைய ஊரை! “ரயில் வரப்போகுது சார்” என்பது அவர்களுடைய பழைய பாட்டு. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை என்ற திட்டம் 2006-ம் ஆண்டு வாக்கில் ஏற்கப்பட்டது. ஏறக்குறைய 70 கிலோ மீட்டர் தூரம். இருபது வருஷம் ஆகப்போகிறது. செஞ்சிக்காரர்கள் இன்னும் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள். அந்த ரயிலைக் காட்டி விற்ற மனைகள் எத்தனையோ.

“மெட்ராஸ் இங்கேயே வந்துடுச்சு சார், சி.எம்.டி.ஏ. எல்லைக்குள்ளே வந்தாச்சு” என்பது புதிய பாட்டு. 2022-ம் ஆண்டு அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோ மீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோ மீட்டராக விரித்தது மெய்தான். ஆனால் அந்த எல்லை திருவள்ளூர், காஞ்சீபுரம், செங்கற்பட்டு, ராணிப்பேட்டை ஜில்லாக்களோடு நின்றுவிட்டது. திண்டிவனம் அதில் இல்லை. இங்கே மனைப் பிரிவுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்பு இலாகா. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியிருக்கிறது. இனி அதுவும் மனை நோட்டீசில் ஏறினால் ஆச்சரியம் இல்லை!

துண்டுக்கு அடியில் விலை

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரகர் தோள் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொள்வார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். விற்கிறவனுக்கு ஒரு விரல். வாங்குகிறவனுக்கு வேறு விரல். இரண்டு விரலுக்கும் நடுவே உள்ள தொகை யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை.

நிலத் தரகில் துண்டு இல்லை. முறை மட்டும் அதே முறைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒருவருக்கு ஐந்தரை சென்ட் மனை இருக்கிறது. அதாவது ஏறக்குறைய 2,400 சதுர அடி. “ஒன்பது லட்சம் கையில் வந்தால் போதும்” என்று அவர் தரகரிடம் சொல்கிறார். தரகர் வாங்குகிறவரிடம் 12 லட்சம் என்கிறார். பேரம் பேசி 11½ லட்சத்துக்கு முடிகிறது. நடுவில் நிற்பது 2½ லட்சம். அதற்கு மேல் இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ கமிஷன்! வாங்கினவர் ஐம்பதாயிரம் குறைத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் வீட்டுக்குப் போகிறார்.

‘மேலே வைத்து விற்பது’ என்று இதற்குப் பெயர். இப்படி விற்கும் தரகர் ஒரு காரியத்தில் கண்ணும் கருத்துமாக இருப்பார். விற்கிறவரும் வாங்குகிறவரும் ரிஜிஸ்தர் ஆபீசில்தான் முதல் முதலாகச் சந்திக்க வேண்டும். அதற்கு முன்னே சந்தித்தால் குட்டு உடைந்துவிடும். “ஓனர் வெளியூர்ல இருக்காரு”, “ஓனருக்கு உடம்பு சரியில்லை”, “எல்லாம் என்னைத்தான் பாத்துக்கச் சொல்லியிருக்காரு” என்ற பேச்சுகளுக்கெல்லாம் மூலம் இதுதான்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 150 வருஷத்துக்கு முந்தியது. அதன் 216-வது பிரிவு மிகத் தெளிவாக இருக்கிறது. ஒருவருக்காக வேலை செய்கிற ஏஜெண்டு, அவருக்குத் தெரியாமல் அந்தக் காரியத்தில் தனக்கென்று லாபம் பார்த்தால், அந்த லாபத்தைக் கேட்டு வாங்கும் உரிமை அவருக்கு உண்டு. நல்ல சட்டம். ஆனால் அதைக் கையில் எடுக்கும்போது கோர்ட்டில் முதல் கேள்வி வரும்: “இந்தத் தரகர் யாருடைய ஏஜெண்டு?”

விற்கிறவருடைய ஏஜெண்டா, வாங்குகிறவருடைய ஏஜெண்டா? ஒரு துண்டுக் காகிதத்தில்கூட அதை எழுதி வைத்திருக்க மாட்டார்கள். தரகர் இருவரிடமும் கமிஷன் வாங்கியிருப்பார். இரண்டு பேருக்கும் ஆள். ஆகவே யாருக்கும் ஆள் இல்லை. நல்ல தரகரைத் தேடுகிறவர்கள் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. பேச்சு இனிப்பாக இருக்கிறதா, கார் வைத்திருக்கிறாரா என்பதெல்லாம் பிறகு.

சட்டம் எட்டும் இடமும் எட்டாத இடமும்

2016-ம் ஆண்டு பார்லிமெண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ‘ரெரா’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2017 மே முதல் தேதி முழு அமலுக்கு வந்தது. அதே வருஷம் தமிழ்நாட்டுக்கு விதிகள் வந்தன. சென்னையில் ஆணையமும் அமைந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனையாகப் பிரித்து விற்றால் அந்தத் திட்டத்தைப் பதிவு செய்யவேண்டும். 500 சதுர மீட்டர் என்றால் பன்னிரண்டு சென்ட்டுக்குச் சற்று அதிகம். பதிவு எண் கிடைப்பதற்கு முன்னால் விளம்பரம் செய்வதே குற்றம்.

தரகர்களையும் அந்தச் சட்டம் விடவில்லை. பதிவான திட்டத்தில் மனை விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டு தாமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவருக்குத் தனி எண் கொடுப்பார்கள். அவர் முடித்து வைக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. பதிவு செய்யாமல் தொழில் நடத்தினால் நாள் ஒன்றுக்கு ரூ.10,000 வீதம் அபராதம். விற்ற சொத்தின் விலையில் நூற்றுக்கு ஐந்து வரை அது ஏறலாம். மனை போடுகிற கம்பெனியும், பதிவு செய்த ஒப்பந்தம் எழுதாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது.

இவ்வளவும் கேட்டால் வாங்குகிறவருக்குத் தைரியம் வரும். ஆனால் சட்டத்தின் 9-வது பிரிவை ஊன்றிப் படிக்க வேண்டும். பதிவான திட்டத்தில் விற்கும் ஏஜெண்டுக்குத்தான் அந்தக் கட்டாயம். ஒருவர் முன்பே வாங்கிப் போட்ட தனி மனையை விற்றுக் கொடுக்கும் தரகருக்கும், பாட்டன் காலத்துப் பழைய வீட்டைக் கை மாற்றிவிடும் தரகருக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் டீக்கடை பெஞ்சியில், பத்திர எழுத்தர் திண்ணையில், ரிஜிஸ்தர் ஆபீசு மரத்தடியில் இருக்கும் தரகர் செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைதான். அவருக்குப் பதிவு இல்லை, எண் இல்லை, பரீட்சை இல்லை. காலையில் நெல் மூட்டை, மாலையில் நிலம் என்று தொழில் நடத்துகிறவரும் உண்டு. அவர் மேல் புகார் என்றால் ரெரா ஆணையத்துக்குப் போக வழி இல்லை. போலீசுக்கோ சிவில் கோர்ட்டுக்கோதான் போக வேண்டும். சிவில் கோர்ட்டுக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எல்லாத் தரகர்களும் ஏமாற்றுக்காரர்கள் என்று இதற்கு அர்த்தம் அல்ல. ஊரில் யாருடைய பங்கு எது, எந்த வரப்பில் தகராறு, எந்த மனைக்கு வழி கிடையாது என்பதை விரல் நுனியில் வைத்திருக்கும் கிழத் தரகர்கள் இந்த ஜில்லாவில் இருக்கிறார்கள். வில்லங்க சர்டிபிகேட்டில் வராத விஷயம் அவர்கள் வாயில் வரும். சென்னையிலிருந்து வருகிறவருக்கு இப்படிப்பட்ட ஆள் கிடைத்தால் கொடுக்கும் கமிஷன் வீண் போகாது. ஆனால் நல்லவரையும் மற்றவரையும் பிரித்துக் காட்டும் முத்திரை எதையும் சர்க்கார் கொடுக்கவில்லை. வாங்குகிறவரே சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அச்சாரமும் பவரும்

தரகரின் உள்ளம் தெரியும் இடம் அச்சாரம். “இன்னிக்கு ஒரு லட்சம் போட்டுடுங்க சார், நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க” என்று அவசரப்படுத்துகிறவர் யார் கையில் பணத்தைக் கொடுக்கச் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். சொத்துக்காரர் கணக்கில் பாங்கு மூலமாகக் கட்டச் சொன்னால் சரி. தன் கையில் ரொக்கமாகக் கொடுக்கச் சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம். நிலம், வீடு விற்பனையில் ரூ.20,000-மும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்திருக்கிறது.

அடுத்தது ஒப்பந்தம். நூறு ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது பழைய வழக்கம். 2012-ம் ஆண்டு டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்தால் அது வில்லங்கத்தில் ஏறும். அந்த மனையை வேறொருவரிடம் காட்டி இன்னொரு அச்சாரம் வாங்க முடியாது. பதிவுக்குத் தரகர் தயங்கினால் காரணம் கேட்க வேண்டும்.

மூன்றாவது பவர். சொத்துக்காரரிடம் சிறு தொகை கொடுத்துப் பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, தானே சொத்துக்காரர்போல் விற்பது சில தரகர்களின் தொழில். 2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, சூரஜ் லாம்ப் வழக்கில், பவர் பத்திரத்தைக் கொண்டு மட்டும் சொத்து கை மாறாது என்று தீர்த்துச் சொன்னது. பவரை வைத்துக்கொண்டு கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம், அது செல்லும். ஆனால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்பது முக்கியம். சாதாரணப் பவர், கொடுத்தவரின் மரணத்தோடு முடிந்துவிடும். அதனால்தான் ரிஜிஸ்தர் ஆபீசில் ஆயுள் சர்டிபிகேட் கேட்கிறார்கள். சர்டிபிகேட்டை நம்புவதைவிட, பவர் கொடுத்தவரின் வீட்டுக்கே போய் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருவது மேல்.

சொல்லாமல் விடுவது

“ரிஜிஸ்தர் ஆயிடுச்சுன்னா முடிஞ்சு போச்சு சார்” என்று தரகர் சொல்வார். முடிந்து போகவில்லை. சொத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று தீர்மானிப்பது சப்-ரிஜிஸ்திராரின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. பட்டாவும் அப்படித்தான். அது வருவாய் இலாகாவின் கணக்கு. மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று பார்ப்பது வக்கீலின் வேலை. அந்த வக்கீல் தரகர் கூட்டி வந்தவராக இருக்கக் கூடாது.

தரகர் வாயில் வராத விஷயங்கள் சில உண்டு. முதலாவது, அனுமதி இல்லாத மனை. வக்கீல் யானை ராஜேந்திரன் தொடுத்த வழக்கில் சென்னை ஐகோர்ட்டு 2016 செப்டம்பர் 9-ந் தேதி அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அப்போது இந்த ஜில்லாவிலும் மனை வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு 2017 மே மாதத்தில் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-ந் தேதிக்கு முன் பதிவான மனைகளுக்குத்தான் அந்தச் சலுகை. ஆகவே பழைய மனையை வாங்குகிறவர், அது வரன்முறை ஆகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பதிவு நடந்துவிடலாம், வீடு கட்டப் பிளான் கொடுக்கும்போது கதவு அடைபடும். மனைப் பிரிவின் ரோடும் பூங்கா இடமும் பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ தானப் பத்திரம் ஆகியிருக்கின்றனவா என்பதையும் கேட்க வேண்டும். ஆகாத ரோட்டில் ஒருநாள் வேலி வந்தாலும் வரும்.

இரண்டாவது, பஞ்சமி நிலம். செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் துரையின் அறிக்கையை ஒட்டி 1892-ல் ஆதிதிராவிடர்களுக்கு நிலம் கொடுக்க அன்றைய சர்க்கார் உத்தரவு போட்டது. அந்த நிலத்தை மற்றவர்கள் வாங்க முடியாது. வாங்கினால் கிரயம் செல்லாது. நிலத்தைச் சர்க்கார் திரும்ப எடுக்கலாம். இந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட நிலம் உண்டு. பழைய செட்டில்மெண்டு ரிஜிஸ்தரைப் பார்த்தால் தெரிந்துவிடும். கோயில் நிலம், வக்பு நிலம் இரண்டும் இதே ஜாதி வில்லங்கம்தான்.

மூன்றாவது, கூடப் பிறந்தவள். “அக்கா தங்கச்சியெல்லாம் கட்டிக் கொடுத்தாச்சு சார், அவங்க கையெழுத்து எதுக்கு?” என்பார் தரகர். தமிழ்நாட்டில் 1989-லும், தேசம் முழுவதும் 2005-லும் வந்த சட்டங்கள் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு கொடுத்துவிட்டன. 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அதை இன்னும் உறுதியாக்கியது. அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தவர், பாகப் பிரிவினை வழக்கில் பிரதிவாதியாக நிற்கிறார். இது வில்லங்க சர்டிபிகேட்டில் வராது. வாரிசு சர்டிபிகேட்டும் குடும்பத்தாரின் கையெழுத்தும் வேண்டும்.

கார்த்திகையில் பார்க்க வேண்டிய மனை

காகிதத்தில் உள்ளது இவ்வளவு. மண்ணில் உள்ளது வேறு.

தரகர் மனை காட்டும் காலம் பங்குனி, சித்திரை. பூமி வெடித்துக் கிடக்கும். “மேட்டு மனை சார்” என்பார். அதே மனையை ஐப்பசி, கார்த்திகையில் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டி மீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. தென்பெண்ணை கரை புரண்டு, அரசூருக்குப் பக்கத்தில் திருச்சி ரோடே துண்டிக்கப்பட்டது. எந்த ‘நகர்’ மேடு, எந்த ‘நகர்’ ஏரி உள்வாய் என்பது அன்று ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று.

இந்த ஜில்லா ஏரி ஜில்லா. விழுப்புரம் புது பஸ் நிலையமே ஏரி இருந்த இடத்தில் கட்டியதுதான். நல்ல மழை பெய்தால் பஸ்கள் தண்ணீரில் நிற்கும் படம் பத்திரிகையில் வந்துவிடும். சர்க்கார் கட்டிடத்துக்கே அந்தக் கதி என்றால், ஓடையைத் தூர்த்துக் கல் நட்ட மனைக்கு என்ன கதி? ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. புல வரைபடத்தில் ஓடையும் வாய்க்காலும் கோடு போட்டுக் காட்டியிருக்கும். அதைவிடச் சுலபமான வழி, பக்கத்துக் கொல்லையில் ஆடு மேய்க்கிற பாட்டியிடம், “பெஞ்சலப்போ இங்கே தண்ணி எம்மாம் நின்னுது ஆயா?” என்று கேட்பது. பாட்டிக்குக் கமிஷன் கிடையாது.

முதல் நாள் கேள்வி

தரகரைச் சோதிக்கப் பெரிய தந்திரம் தேவையில்லை. முதல் நாளே சர்வே நம்பரைக் கேட்க வேண்டும். உட்பிரிவோடு சொல்லிவிட்டால் பாதிப் பரீட்சை பாஸ். பட்டா, ‘அ’ பதிவேடு, புல வரைபடம் எல்லாவற்றையும் சர்க்கார் இணையதளத்தில் பார்த்துவிடலாம். பதிவு இலாகாவின் தளத்தில் வில்லங்க விவரத்தையும், அந்த இடத்தின் வழிகாட்டி மதிப்பையும் செலவு இல்லாமல் பார்க்கலாம். செல்போன் இருக்கிற எவரும் டீ ஆறுவதற்குள் செய்கிற வேலை. “நம்பரெல்லாம் அட்வான்சுக்கு அப்புறம் சொல்றேன்” என்கிற தரகரிடம் அடுத்த கேள்வி கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது, சொத்துக்காரரை நேரில் காட்டச் சொல்ல வேண்டும். மூன்றாவது, கமிஷன் எவ்வளவு, அது எந்தத் தேதியில், விற்கிறவரிடமும் வாங்குகிறாரா என்பதை எழுதிக் கையெழுத்துக் கேட்க வேண்டும். “நான் இன்னாருக்காக இந்தச் சொத்தைப் பேசி முடிக்கிறேன், இதைத் தவிர வேறு ஆதாயம் எனக்கு இல்லை” என்று நான்கு வரி போதும். மேலே சொன்ன 216-வது பிரிவுக்கு உயிர் வருவது அந்த நான்கு வரியில்தான். கமிஷனைப் பத்திரம் பதிவான அன்றைக்குக் கொடுக்கலாம். அச்சாரத்தன்று கொடுக்கக் கூடாது. அச்சாரத்தோடு கமிஷன் வாங்கியவருக்குப் பத்திரம் முடிந்தால் என்ன, முடியாவிட்டால் என்ன?

பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் தரகரிடமும் ஜாக்கிரதை வேண்டும். இன்று முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஏழு, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு இரண்டு, ஆக ஒன்பது. 11½ லட்சத்துக்கு ரூ.1,03,500 ஆகிறது. வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஆறு லட்சம் என்று எழுதிவிட்டு, நாளைக்குச் சொத்தில் வில்லங்கம் வந்தால், கோர்ட்டில் திரும்பக் கேட்கக் கையில் இருக்கும் எழுத்து ஆறு லட்சத்துக்குத்தான். தீர்வையைக் குறைக்க நேர்வழி ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைவு.

மற்ற தேசங்களில்

தரகர் யாருடைய ஆள் என்ற தகராறு இங்கே மட்டும் இல்லை. சிங்கப்பூரில் 2010-ல் தனிச் சட்டம் செய்து கவுன்சில் ஒன்றை அமைத்தார்கள். தரகர் பரீட்சை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அவர் பெயரையும் எண்ணையும் யாரும் சரிபார்க்கலாம். ஒரே சொத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஆளாக இருக்கக் கூடாது. வீடு விற்கும் பணத்தை அவர் கையால் தொடவும் கூடாது. பழைய வீடு, புது வீடு என்ற பேதம் அந்தச் சட்டத்தில் இல்லை. அங்கே வேலை செய்துவிட்டு வந்தவர்களுக்கு இது தெரியும். ஊருக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள்!

அமெரிக்காவில் வீடு விற்கிறவரே இரண்டு தரகருக்கும் கமிஷன் கொடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அதனால் விலை ஏறுகிறது என்று வழக்குப் போட்டார்கள். தரகர் சங்கம் 2024 மார்ச்சில் 41 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு சமாதானத்துக்கு வந்தது. அந்த ஆகஸ்டு 17 முதல், வீட்டைச் சுற்றிக் காட்டும் முன்பே வாங்குகிறவரோடு கூலியை எழுதி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று ஏற்பட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? மகாராஷ்டிரத்தில் ரெரா ஆணையமே 2023-ல் ஏஜெண்டுகளுக்குப் பயிற்சியும் பரீட்சையும் கட்டாயம் என்று உத்தரவு போட்டது. தமிழ்நாட்டிலும் அதைச் செய்யத் தடை ஏதும் இல்லை. ஆனால் தனி மனை, பழைய வீட்டுத் தரகரைச் சட்டத்துக்குள் கொண்டுவர 9-வது பிரிவைப் பார்லிமெண்டு திருத்த வேண்டும். அல்லது சட்டசபை தனிச் சட்டம் செய்ய வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவருக்கு லைசென்சு வேண்டும் என்று வைத்திருக்கிற நாட்டில், பத்து லட்சம் ரூபாய்ச் சொத்தைக் கை மாற்றுகிறவருக்கு ஒரு பதிவு எண் கேட்பது அதிகமான கோரிக்கை ஆகாது. ரிஜிஸ்தர் ஆபீசில் பத்திரத்தை எழுதியவர் யார் என்று பத்திரத்திலேயே பெயரும் லைசென்சு எண்ணும் போடுகிறார்கள். பேசி முடித்த தரகரின் பெயருக்கும் அங்கே ஒரு வரி ஒதுக்கலாம்.

பதிவான மனைத் திட்டத்தில் ஏமாந்தவர்கள் 31-வது பிரிவின் கீழ் சென்னை ஆணையத்துக்கு மனுச் செய்யலாம். ஏஜெண்டின் மேலும் மனுச் செய்யலாம். அவருடைய பதிவையே ரத்து செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. மனுவோடு பணம் கட்டிய ரசீது, விளம்பர நோட்டீசு, தரகர் அனுப்பிய செல்போன் செய்திகள் எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். வேனில் கொடுத்த வண்ண நோட்டீசைப் பலர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே எறிந்துவிடுகிறார்கள். “நீச்சல் குளம், பூங்கா, இருபது அடி ரோடு” என்று தரகர் தரப்பு அச்சில் கொடுத்த வாக்குறுதி அந்த ஒரு காகிதத்தில்தான் இருக்கிறது.